காலி வண்டியில் தெரியாத நடுக்கம்

மகனே,

அடுத்த மாத முதல் வாரத்தில் நீயும் சந்தியாவும் ஓசூருக்குக் குடிபோகிறீர்கள். நம் பழைய டீசல் வண்டியும் உங்களோடு போகிறது. அதற்கு முன் நான் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். நான்கு மாதமாக நீ உன் மாமியாரோடு பேசுவதில்லை. மேல்மலையனூருக்குப் போனால் சாப்பிடுகிறாய், தலையாட்டுகிறாய், திரும்பி வந்துவிடுகிறாய். சந்தியா இப்போதெல்லாம் தன் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் தனியாகவே போகிறாள். அவர் தெரியாத வேலையில் கைவைத்து நம் வண்டியைக் கெடுத்தார், ஆறு பேர் உயிரோடு விளையாடினார் என்று நீ நம்புகிறாய். அப்படி நடக்கவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்கு அந்த நம்பிக்கை என் வாயிலிருந்து வந்தது. உறவினர்கள் முன்னால் நான் சொன்னது என்பதால் திருத்தத்தையும் பலர் படிக்கும்படி எழுதுகிறேன். கைப்பிரதியை முதலில் உன்னிடம்தான் தருவேன். நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ தேட வேண்டாம். எனக்குப் பொறாமை. நீ ஒன்பது வயதில் கூடத்து ஃபேன் ஏன் ஆடுகிறது என்று கேட்டாய். ஒரு இறக்கையின் மேல் நாணயத்தை ஒட்டிக் காட்டினேன், ஆட்டம் குறைந்தது. அதிலிருந்து மிக்ஸி உறுமினாலும் தண்ணீர் மோட்டார் அலறினாலும் நீ என்னிடம்தான் வருவாய். இயற்பியலில் எம்.எஸ்சி. படித்து செஞ்சியில் இருபத்து மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதிர்வையும் அலைகளையும் நடத்துகிறவளுக்கு வீட்டில் கிடைத்த ஒரே நல்ல மாணவன் நீ. நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரமே உன் பேச்சில் "அத்தை சொன்னாங்க" வந்துவிட்டது. டயர் காற்று இவ்வளவு வைக்கணும், அத்தை சொன்னாங்க. மழையில் பிரேக்கை இப்படிப் பிடிக்கணும், அத்தை சொன்னாங்க. அவர் எட்டாவது வரை படித்தவர் என்பதை நான் உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மனத்துக்குள் தினமும் சொல்லிக்கொண்டேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: உன் மாமியார் வேன் ஓட்டுகிறவர். கணவருக்கு முழங்கால் போனதும் தானே லைசென்ஸ் எடுத்து, அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தை செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிப் போவார். பத்துப் பேர் உட்காரும் வேனில் பதினெட்டுப் பேர் வருவார்கள். "புள்ளைங்கள மடியில வெச்சிக்கோங்க, எலுமிச்சம்பழத்த மிதிக்காதீங்க" என்று அவர் போடும் குரல் கடைத்தெரு வரை கேட்கும். எனக்கு உரத்த குரல்கள் பிடிக்காது. நீயோ அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்பாய். நானும் உன் அப்பாவும் சேர்ந்து உன்னை அப்படிச் சிரிக்க வைத்ததாக எனக்கு நினைவில்லை.

வண்டியில் நடுக்கம் இருக்கிறது என்று நீதான் முதலில் சொன்னாய். கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஏற்றி வந்த அன்று. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் தரை உறுமுகிறது, அதைத் தாண்டினால் அடங்குகிறது, கியர் மாற்றிக் கிளட்சை விடும்போது அடியில் 'டக்' என்கிறது என்றாய். சென்னை வேலையில் அடுத்த மூன்று வாரம் உனக்கு ஊருக்கு வர முடியாததால் நான் பார்க்கிறேன் என்றேன். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையைத் தாண்டித் திருவண்ணாமலை சாலையில் ஓட்டினேன். அந்த நேரத்தில் குரங்குகளைத் தவிர யாரும் குறுக்கே வரமாட்டார்கள். நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன். நிற்கும்போது இன்ஜினை மட்டும் முறுக்கிப் பார்த்தேன், நடுக்கம் இல்லை. ஆகவே இன்ஜின் இல்லை. ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தேன். நியூட்ரலிலும் நடுக்கம் தொடர்ந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேட வேண்டும். சக்கரம் என்றால் ஸ்டியரிங் மெதுவாக ஆடும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோக அடியில் இருக்கும் நீளத் தண்டு, அதாவது ஷாஃப்ட், ஏறக்குறைய நான்கு சுற்றுச் சுற்றுவதால், கோளாறு தண்டில் என்றால் வேகமான உறுமல் தரையில் வரும். இதெல்லாம் சரியான முறைதான், இன்றைக்கும் அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நோட்டில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றே எழுத வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கில் மட்டும் லேசான ஆட்டம். நீ வந்தபோது, முன் சக்கரம் பேலன்ஸ் போயிருக்கிறது, மற்றது உன் பிரமை என்றேன். சக்கரத்தை பேலன்ஸ் செய்தும் வாங்கினேன். அடுத்த முறை உன் அப்பா, பெரியம்மா எல்லோரும் ஏறியதும் தரை மறுபடி உறுமியது. நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம்.

பத்திரிகை அடித்து வந்த வாரத்தில் உன் மாமியாரையும் சந்தியாவையும் கடைத்தெருவில் ஏற்றிக்கொண்டு மேல்மலையனூர் போனோம். உன் அப்பா முன்னால், நாங்கள் மூவரும் பின்னால், எங்களுக்கும் பின்னால் தேங்காய் மூட்டை. உன் மாமியார் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்தார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள், "இன்னா தம்பி, வண்டி கால புடிச்சி பேசுதே?" என்றார். நீ உடனே, "அத்தை, உங்களுக்கும் தெரியுதா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினாய். நான் என் மூன்று வார ஆய்வை விளக்க ஆரம்பித்தேன். டயர் தேய்மானத்துக்கு வந்தபோது நீ கையைத் தூக்கி, "ம்மா, ஒரு நிமிஷம் சும்மா இரு. அத்தை கேக்கறாங்க" என்றாய். நீ திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் நான் உட்கார்ந்திருந்த இடம் எனக்கு இன்னும் தெரிகிறது. சந்தியா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். பெண் புத்திசாலி.

அவர் உன்னை ஒரு பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டச் சொன்னார். மதிலில் பட்டு வண்டியின் சத்தம் நமக்கே திரும்பி வந்தது. கீச்சு, கீச்சு, கீச்சு. வேகம் கூடக் கூட அதுவும் நெருங்கி வந்தது. "காஞ்சி போன கிராஸுங்க டீச்சரம்மா, தண்ணி கேக்குற குருவி மாதிரி கத்தும்" என்றார். தண்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மூட்டு உண்டு, அதைத்தான் மெக்கானிக்குகள் கிராஸ் என்பார்கள். வண்டி மேலும் கீழும் போகும்போது தண்டு மடங்கிக் கொடுக்க அதுதான் வழி. "நான் மூணு வாரம் ஓட்டிப் பார்த்தேன், எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "யார ஏத்திக்கினு ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"யாரையும் ஏத்தல. தனியாத்தான்."

"அதாங்க. பின்னாடி ஆளு குந்துனா ஸ்பிரிங்கு அமுங்குது, ஷாஃப்ட்டு கோணம் மாறுது, அப்பதான் அது அழும். காலி வண்டி இன்னாத்த சொல்லும்?"

உன் அப்பா முன்னாலிருந்து, "இவ ஆளே ஏத்த மாட்டா, ஸ்டாஃப் ரூம் டீச்சருங்க லிஃப்ட் கேட்டாக்கூட பெட்ரோல் பங்க் போறேன்னுடுவா" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவள், எடையை மாற்றிப் பார்க்கவே இல்லை. வண்டியில் வேறு ஆள் இருந்தால் எனக்குக் கவனம் சிதறும் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு வண்டியில் வேறு ஆள் இருப்பது பிடிக்காது.

அவர்கள் வீட்டில் இறங்கியதும் நீயும் அப்பாவும் சந்தியாவும் அந்த ஊரில் இருந்த பங்காளிகளுக்குப் பத்திரிகை வைக்கப் போய்விட்டீர்கள். அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கு விரித்து, கிரீஸ் கன்னோடு வண்டிக்கு அடியில் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. கிராஸின் நான்கு முனையிலும் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதற்குள் ஊசி போன்ற பேரிங்குகள் இருக்கும். "மூணு கப்புல கிரீஸ் ஏறிடுச்சி. நாலாவதுல ஏறவே இல்ல. செவப்பா துரு கக்குது. மாத்தாம ஆள ஏத்தாதீங்க டீச்சரம்மா. மெல்ல ஊட்டுக்குப் போயிடலாம், அவ்ளோதான்" என்றார். பிறகு இன்னும் கிட்டே வந்து, "மாப்ளகிட்ட நீங்களே சொல்லிடுங்க. தாலி ஏறாத முன்ன பொண்ணு வூட்டுக்காரி அவருக்கு இத செய்யி அத செய்யின்னா நல்லா இருக்காது. நாளைக்கு ஒங்க சனம் பேசும். நீங்க சொன்னா அது அம்மா சொன்னதாப் போவும்" என்றார்.

அவர் தன் கண்டுபிடிப்பைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அதை நான் கொடையாக எடுத்துக்கொள்ளவில்லை, பிச்சையாக எடுத்துக்கொண்டேன். நீ வந்து, "அத்தை இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாய். "கிரீஸ் வெச்சிருக்காங்களாம்" என்றேன். அவர் அப்போது உள்ளே உங்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. என் திட்டம் இதுதான்: நீ சென்னைக்குப் போன பின், திங்கட்கிழமை வண்டியை மெக்கானிக்கிடம் விடுவேன், கிராஸை மாற்றுவேன், வார இறுதியில் நீ வந்ததும், நோட்டைத் திரும்பப் பார்த்தேன், எடையை விட்டுவிட்டேன் என்று பிடிபட்டது என்று சொல்வேன். ஆனால் அந்த முறை நீ சென்னைக்குப் போகவில்லை, பத்திரிகை வைப்பதற்காக விடுமுறை போட்டிருந்தாய். எனக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் செய்முறைத் தேர்வு. புதன்கிழமை நீ சாவியை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் ஏறுங்க, திண்டிவனம் பக்கம் முடிச்சிட்டு வந்துடலாம்" என்றாய். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பாய். நானும் ஏறி உட்கார்ந்தேன். அதனால் குற்றம் குறைகிறது என்று வாதாட வரவில்லை. என் அக்காவும் அவள் கணவரும் என் தங்கையும் உன் அப்பாவும் நீயும் ஒன்றும் தெரியாமல் ஏறினீர்கள். நான் தெரிந்து ஏறினேன்.

வல்லம் தாண்டியதும் நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதற்கு முன் இருபது நிமிஷம் நான் தரையில் காலை வைக்காமல் பையின் மேல் வைத்திருந்தேன் என்பது. பிறகு அந்த வெடிச் சத்தம். தண்டு பின்பக்கம் கழன்று விழுந்து தார்ச்சாலையையும் நம் தரையையும் மாறி மாறி அடித்தது. உன் பெரியம்மா காலடியில் தகடு கிண்ணம் கவிழ்த்தது போல எழும்பியது. நீ ஸ்டியரிங்கை விடாமல் வேர்க்கடலைக் கொல்லை ஓரமாக இறக்கி நிறுத்தினாய். முன்பக்க மூட்டு போயிருந்தால் தண்டு சாலையில் ஊன்றி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கும் என்பதை இழுத்துப்போக வந்தவர் சொல்லக் கேட்டாய். எல்லோரும் இறங்கி நின்றோம். அப்போது நீ என்னைத்தான் பார்த்தாய், சின்ன வயதில் பார்ப்பது போல, ஏன் என்று கேட்டு. அந்தப் பார்வைக்கு நான் மாதக்கணக்கில் ஏங்கியிருந்தேன். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. மூணு நாள் முன்னாடி அடியில யாரு கை வெச்சா?" என்றேன்.

உன் பெரியப்பா உடனே பிடித்துக்கொண்டார். "யாரு, சம்பந்தியம்மாவா? சரியாப் போச்சி போ. வேன் ஓட்டினா மெக்கானிக்கா?" என்றார். நீ அங்கேயே நின்று போன் போட்டாய். "அத்தை, தெரியாத வேலையில இனிமே கை வைக்காதீங்க. ஆறு பேரு செத்திருப்போம்" என்றாய். ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "யாருக்கும் அடி இல்லியே தம்பி?" என்றார். "இல்ல" என்றாய். "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். அவர் என் பெயரைச் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்த அந்த மௌனத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லாதது எனக்கு நிம்மதியைத் தந்தது. அன்று சாயங்காலம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி உடைந்திருக்கும் என்று விளக்கச் சொன்னாய். நான் படம் போட்டு விளக்கினேன். மகனே, அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் உடைந்த கிராஸை ஒரு பழைய செய்தித்தாளில் வைத்துக் காட்டினார். மூன்று கிண்ணத்தில் புது கிரீஸ் மினுமினுத்தது. நான்காவதில் ஊசிகளே இல்லை, செங்கல் பொடி மாதிரித் துரு மட்டும் கொட்டியது. "கிரீஸ் வெச்ச கை நல்ல கைதான் டீச்சர். இது பல மாசமா போயிக்கினு இருந்திருக்குது. கிரீஸ் வெச்சவரு இத பாத்திருப்பாரே, ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். "சொல்லல" என்றேன். இந்த ஒன்று முழுப் பொய். கல்யாணத்தில் உன் மாமியார் மணமேடைக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்த இடத்தில் நின்றார். நீ ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தபோது அவர் கை உன் தலைமேல் படாமல் சற்று மேலேயே நின்றதை நான் பார்த்தேன். போட்டோகிராஃபர், "கிட்ட வாங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னார்.

போன வாரம் பஸ் ஏறி மேல்மலையனூர் போனேன். மறுநாள் அமாவாசை, அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தவில்லை. நான் இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவர் டயரைக் கழுவியபடியே கேட்டார். "கோவம் இல்லாம இல்ல. ஒங்க வூட்டுப் பத்திரிகைய மூணு நாளு கவுத்து வெச்சேன். இப்பவும் கோவம்தான்" என்றார். அப்படியானால் ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் குழாயை மூடினார். "சொன்னா அவரு ஒங்களையும் நம்பாம போயிடுவாரு. பெத்தவள நம்பாதவன் கட்டிக்கினவள எப்டிங்க நம்புவான்? எம்பொண்ணு அந்த வூட்லதான வாழணும்?" என்றார். இதை நான் ஏற்கவில்லை. மனிதர்கள் அவ்வளவு நேர்கோட்டில் இயங்குவதில்லை என்று அவரிடமே வாதாடினேன். "சரி, நீங்க படிச்சவங்க. காபி சாப்டுறீங்களா?" என்றார். இதை எழுதப்போகிறேன் என்றதற்கு, "எழுதுங்க. எம்பேரு போடாதீங்க, சவாரிக்கு வர்றவங்க கிண்டல் பண்ணுவாங்க" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் என் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. உன் கோபத்தை நான்கு மாதம் எனக்காகச் சுமக்க அவருக்கு முடிந்திருக்கிறது. அவருக்காக ஒரு வாக்கியத்தைச் சுமக்க எனக்கு முடியவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

புதுக் குடித்தனத்துக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தத் தகுதி இப்போது குறைவு. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். சந்தியா உன்னிடம் ஏதோ சரியில்லை என்று சொல்லி, உனக்கு அது தென்படவில்லை என்றால், பிரமை என்று சொல்லிவிடாதே. அது வெளியே வராத நிலையில் நீ ஓட்டிப் பார்த்திருக்கலாம். அப்புறம், உண்மையைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்த்து உண்மையை எடுத்துக்கொள்வதும் விடுவதுமாக இருக்காதே. என் அறிவு முழுவதும் அந்த ஒரு இடத்தில் என்னைக் கைவிட்டது.

ஓசூருக்கு நேராகத் திருவண்ணாமலை சாலையில் போக வேண்டாம். மேல்மலையனூர் போய், அங்கிருந்து அவலூர்பேட்டை வழியாகப் போ. அமாவாசையாக இல்லாத நாளாகப் பார், அன்றைக்கு அவருக்கு நேரம் இருக்காது. புதுத் தண்டு, இரண்டு புதுக் கிராஸ், தரைத் தகட்டையும் தட்டிச் சரிசெய்திருக்கிறார்கள். நீங்கள் சாமான்கள் முழுவதும் ஏற்றிய பிறகு அவர் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் நல்லது. ஆனால் அதைக் காரணமாக வைத்துக்கொண்டு உள்ளே நுழையாதே. முதலில் மன்னிப்புக் கேள். "அம்மா பொய் சொல்லிட்டாங்க, நான் நம்பிட்டேன்" என்றே ஆரம்பி. அம்மாவுக்கு அப்போது டென்ஷன், அம்மா சரியாகக் கேட்டிருக்க மாட்டாள் என்று எதையாவது சொல்லி என்னைக் காப்பாற்றாதே. அவர் ஒருவர் என்னைக் காப்பாற்றியதையே என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அம்மா